வான்கோழி வேட்டை: ஷாட்கன்னில் ஸ்கோப் பொருத்துவது ஏன், எப்படி? ஆபத்து எங்கே இருக்கிறது? - முழு விளக்கம்

2006 பிப்ரவரி 11. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை. அப்போதைய துணை அதிபர் டிக் செனி நண்பர்களோடு காடை வேட்டைக்குப் போயிருந்தார். ஒரு காடை பறந்தது. அதைப் பின்தொடர்ந்து துப்பாக்கியைத் திருப்பிச் சுட்டார். பட்டது காடை அல்ல, கூட வந்த 78 வயது வழக்கறிஞர் நண்பர். முகம், கழுத்து, மார்பு எங்கும் ஈயக் குண்டுகள். நல்ல வேளையாக அவர் பிழைத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் அது பகல் நேரம். சுட்டவர் பல வருட அனுபவம் உள்ளவர். சுடப்பட்டவர் தூரத்திலிருந்தே பளிச்செனத் தெரியும் ஆரஞ்சு நிற உடுப்பு அணிந்திருந்தார். அப்படியும் தவறு நடந்துவிட்டது.

இப்போது வேறொரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். விடியற்காலை, அரை இருட்டு. வேட்டைக்காரர் தலை முதல் கால் வரை இலைதழை நிற உடையில் ஒரு மரத்தோடு மரமாக உட்கார்ந்திருக்கிறார். பெட்டை வான்கோழி மாதிரி குரல் கொடுக்கிறார். அந்தக் குரலைக் கேட்டு வருவது சேவல் வான்கோழியாகவும் இருக்கலாம், இன்னொரு வேட்டைக்காரராகவும் இருக்கலாம். இதுதான் அமெரிக்காவின் வசந்தகால வான்கோழி வேட்டை. அந்த வேட்டையில் சாதாரணமாக ஸ்கோப்பே தேவைப்படாத ஷாட்கன் மீது ஸ்கோப் மாட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது.

ஏன் மாட்டுகிறார்கள்? எப்படி மாட்டுகிறார்கள்? அது உயிரைக் காக்குமா, இல்லை புது ஆபத்தைக் கொண்டுவருமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், ஷாட்கன் என்றால் என்ன?

ரைஃபிளில் ஒரு தடவைக்கு ஒரே ஒரு குண்டு போகும். ஷாட்கன் அப்படி இல்லை. ஒரு தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன உருண்டைகள் இருக்கும். நம்ம ஊர் செய்திகளில் 'பால்ரஸ் குண்டு' என்று படிப்போமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி, ஆனால் இன்னும் சிறியது. விசையை அழுத்தினால் இவை கூட்டமாகக் கிளம்பி, போகப் போக விரிந்துகொண்டே போகும்.

வான்கோழி வேட்டையில் அதிகம் பயன்படுவது '12 கேஜ்' ஷாட்கன். கேஜ் என்பது ஒரு பழைய கணக்கு. குழலுக்குள் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகளில் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிறதோ, அந்த எண்ணிக்கைதான் கேஜ். அதனால்தான் எண் கூடக் கூட குழல் சிறிதாகும். 20 கேஜ் துப்பாக்கி 12 கேஜைவிடச் சிறியது. 12 கேஜ் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர்.

குழலின் வாய்ப்பகுதி சற்றுக் குறுகலாக இருக்கும். அதற்கு 'சோக்' என்று பெயர். தண்ணீர் பாய்ச்சும் ஹோஸ் பைப்பின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் எப்படிக் குவிந்து தூரமாகப் பாய்கிறது? சோக் செய்வதும் ஏறக்குறைய அந்த வேலைதான். சோக் இறுக்கமாக இருந்தால் குண்டுகள் குவிந்து போகும், தளர்வாக இருந்தால் சீக்கிரம் விரியும்.

பறக்கும் இலக்கைச் சுடுபவர்களுக்கு விரிவு வேண்டும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் இந்தியாவுக்கு வெள்ளி வாங்கித் தந்தாரே, டபுள் டிராப் போட்டி, அதுவும் ஷாட்கன்தான். அங்கே களிமண் தட்டு காற்றில் வேகமாகப் பறக்கும். குறிபார்த்து நிதானமாகச் சுட நேரம் கிடையாது. கண் தட்டின் மீது இருக்க வேண்டும், கை தானாகப் போக வேண்டும். அந்தப் போட்டிகளில் துப்பாக்கியின் மீது ஸ்கோப் மாதிரியான கருவி மாட்ட விதிகளிலேயே இடமில்லை.

வான்கோழி வேட்டையில் நிலைமை தலைகீழ். பறவை தரையில் நடந்து வருகிறது. சுடுபவர் அசையாமல் காத்திருக்கிறார். குறி அசையாத, சின்னஞ்சிறு குறி.

வான்கோழியை ஏன் தலையில் சுட வேண்டும்?

வளர்ந்த ஆண் காட்டு வான்கோழி 5 முதல் 11 கிலோ வரை இருக்கும். உடம்பு பெரிது. ஆனால் அந்த உடம்பைச் சுடுவதில் பயனில்லை. அடர்த்தியான இறகு, கனமான மார்புத் தசை, வலுவான இறக்கை எலும்பு. இவற்றைத் தாண்டி சிறிய குண்டுகள் உயிர்நிலையை எட்டுவது கடினம். உடம்பில் அடிபட்ட பறவை ஓடிவிடும், அல்லது பறந்துவிடும். எங்கேயோ போய்ப் பல மணி நேரம் துடித்துச் சாகும்.

அதனால் குறி எப்போதும் தலையும் கழுத்தும்தான். மூளையிலோ கழுத்து எலும்பிலோ சில குண்டுகள் பட்டால் பறவை அந்த நொடியே விழும். ஆனால் அந்த இடத்தின் அகலம் சில அங்குலங்களே. அதுவும் நடக்கும்போது முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும்.

இதற்காகவே வான்கோழிக்கென்று மிக இறுக்கமான சோக், கனமான தோட்டா எல்லாம் வந்தன. 2 அவுன்ஸ், அதாவது சுமார் 57 கிராம் எடையுள்ள 6ஆம் எண் ஈயக் குண்டுத் தோட்டாவில் ஏறக்குறைய 450 உருண்டைகள் இருக்கும். ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு.

இப்போது டங்ஸ்டன் கலவைக் குண்டுகளும் வந்துவிட்டன. ஈயத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல 11 மடங்கு என்றால் இதன் அடர்த்தி சுமார் 18 மடங்கு. அதனால் 2 மில்லிமீட்டர் உருண்டையே தூரத்திலும் ஆழமாகப் பாய்கிறது. விலைதான் கையைக் கடிக்கும். ஒரு தோட்டாவுக்கே பல டாலர் ஆகும்.

சரி, 450 குண்டு போகிறதே, பிறகு ஸ்கோப் எதற்கு?

நியாயமான கேள்விதான். இத்தனை குண்டு போனால் ஏதாவது ஒன்று படாதா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். சாதாரண ஷாட்கன்னில் குண்டுகள் 30 அங்குல வட்டத்துக்கு, அதாவது ஒரு சைக்கிள் சக்கரத்தின் அளவுக்கு விரியும். இறுக்கமான வான்கோழி சோக் போட்டால், 20 கெஜத் தூரத்தில் குண்டுக் கூட்டத்தின் பெரும்பகுதி ஒரு தேங்காய் அளவுக்குள் குவிந்துவிடலாம். அந்தத் தூரத்தில் அது கிட்டத்தட்ட ரைஃபிள் மாதிரிதான். குறி 4 அங்குலம் தப்பினால் மொத்தக் கூட்டமும் தப்பிவிடும். தூரத்துப் பறவையைவிடக் கிட்டத்தில் வந்த பறவையைத் தவறவிட்டவர்கள் நிறைய பேர் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சாதாரண ஷாட்கன்னில் குறிபார்க்க என்ன இருக்கிறது? குழலின் முனையில் மணி மாதிரி ஒரு சின்னப் பித்தளைக் குமிழ், அவ்வளவுதான். பின்பக்கக் குறி என்று ஒன்று கிடையாது. சுடுபவரின் கண்தான் பின்பக்கக் குறி. கன்னம் துப்பாக்கிக் கட்டையில் எப்போதும் ஒரே இடத்தில் அழுந்தியிருந்தால் குறி சரியாக இருக்கும். பறவையைப் பார்க்கும் ஆவலில் தலையைக் கொஞ்சம் தூக்கிவிட்டால்? கண் மேலே போகும், குழலும் மேல்நோக்கும், குண்டு பறவையின் தலைக்கு மேலே போய்விடும்.

அதோடு, வேட்டைக்காரர் வசதியாக நின்றுகொண்டா சுடுகிறார்? தரையில் சம்மணம் போட்டோ, முழங்காலை மடக்கியோ மரத்தில் சாய்ந்திருப்பார். எதிர்பார்த்த பக்கம் விட்டுப் பறவை வேறு பக்கம் வரும். உடம்பைத் திருப்ப முடியாது, திருப்பினால் வான்கோழி கண்டுபிடித்துவிடும். வான்கோழிக்கு மோப்பம் குறைவு, ஆனால் பார்வை அபாரம். நிறம் தெரியும், தலையைத் திருப்பாமலே சுற்றுப்புறத்தின் பெரும்பகுதி தெரியும். ஆக, வேட்டைக்காரர் கோணலாக வளைந்தபடிதான் சுட வேண்டியிருக்கும். கன்னம் கட்டையில் ஒழுங்காகப் பதியாது.

ஸ்கோப் அல்லது ரெட் டாட் இருந்தால், குறிப்புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கேதான் குண்டு போகும். தலை சற்று விலகினாலும் பெரிய பிழை வராது. இன்னொரு பயன், வயதானவர்களுக்கு. நாற்பதைத் தாண்டினால் அருகிலிருக்கும் குமிழையும் தூரத்திலிருக்கும் பறவையையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்கக் கண் ஒத்துழைக்காது. ஸ்கோப்பில் இரண்டும் ஒரே தளத்தில் தெரியும்.

ஸ்கோப்பா, ரெட் டாட்டா?

இரண்டும் வேறு வேறு. ஸ்கோப் என்பது தொலைநோக்கிக் குழாய். உள்ளே குறுக்குக் கோடு இருக்கும், காட்சியைப் பெரிதாக்கும். ரெட் டாட் பெரிதாக்காது. கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளியை மட்டும் காட்டும்.

ஸ்கோப் வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது எத்தனை மடங்கு என்பதை அல்ல, கண்ணுக்கும் லென்ஸுக்கும் எவ்வளவு இடைவெளி கிடைக்கிறது என்பதை. காரணம் பின்னுதைப்பு. மூன்றரை அங்குல வான்கோழித் தோட்டாவின் உதை, மான் வேட்டைக்குப் பயன்படும் சாதாரண ரைஃபிளைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கும். ஸ்கோப்பின் பின்விளிம்பு கண்ணுக்கு மிக அருகே இருந்தால் சுட்ட மறுகணம் புருவம் கிழியும். புருவத்தில் பிறை வடிவத் தழும்போடு அங்கே பல வேட்டைக்காரர்களைப் பார்க்கலாம். ஷாட்கன்னுக்கு நான்கு அங்குல இடைவெளியாவது இருப்பது நல்லது.

இரண்டாவது, குறைந்த உருப்பெருக்கம். 1 முதல் 4 மடங்கு போதும். மான் வேட்டைக்கு வாங்கிய 9 மடங்கு ஸ்கோப்பை அப்படியே கழற்றி மாட்டினால், 20 கெஜத்தில் வந்த பறவை கண்ணுக்கு வெறும் கறுப்பு இறகாகத்தான் தெரியும். தலை எங்கே, கழுத்து எங்கே என்று தேடுவதற்குள் அது போய்விடும்.

ரெட் டாட்டில் கண் இடைவெளித் தொல்லை கிடையாது. கண்ணை எவ்வளவு பின்னால் வைத்தாலும் புள்ளி தெரியும். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துச் சுடலாம், எடையும் குறைவு. இந்தக் காரணங்களால் இப்போது பலர் ரெட் டாட் பக்கம் சாய்கிறார்கள். குறை என்ன? பேட்டரி. விடியற்காலையில் புள்ளி எரியவில்லை என்றால் எதுவும் செய்ய முடியாது. வெளிச்சத்தை அதிகமாக வைத்தாலும் அரை இருட்டில் புள்ளியின் ஒளியே பறவையின் தலையை மறைத்துவிடும்.

துப்பாக்கியில் எப்படிப் பொருத்துகிறார்கள்?

ரைஃபிள் தயாரிக்கும்போதே ஸ்கோப்புக்கு இடம் விட்டிருப்பார்கள். பல ஷாட்கன்களில் அது இருக்காது. அதனால் மூன்று வழிகள்.

முதல் வழி, ஏற்கெனவே துளையிட்ட துப்பாக்கி. உதாரணமாக, 1961இல் வந்த மோஸ்பெர்க் 500 வகையில் மேற்புறத்தில் திருகாணித் துளைகள் தயாராகவே இருக்கும். அடைப்பைக் கழற்றி, உலோகப் பட்டையை வைத்துத் திருக வேண்டியதுதான். இந்தப் பட்டைகளில் பிகாட்டினி, வீவர் என்று இரண்டு அளவுகள் பிரபலம். இருப்பதிலேயே உறுதியான வழி இது.

இரண்டாவது, சேணம் வகை. குதிரை முதுகில் சேணம் போடுவது மாதிரி, துப்பாக்கியின் நடுப்பகுதி மேல் ஒரு உலோகத் தகடு கவிந்து உட்காரும். விசைப்பகுதியைப் பிடித்திருக்கும் ஊசிகளின் துளை வழியாகவே அதை இறுக்குவார்கள். துளை போட வேண்டியதில்லை. 1950இல் வந்த ரெமிங்டன் 870 போன்ற பழைய துப்பாக்கிகளுக்கு இது தோது. ஆனால் தகடு சரியாகப் பொருந்தாவிட்டால் ஒவ்வொரு உதைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். குறியும் நகரும்.

மூன்றாவது, துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துத் துளை போடுவது. செலவு உண்டு, ஆனால் நிலைக்கும். வீட்டு டிரில் மெஷினை எடுத்து இதைத் தானே செய்ய நினைப்பது ஆபத்து. துளை நேர்கோட்டில் இல்லாவிட்டால் ஸ்கோப் பக்கவாட்டில் பார்க்கும். ஆழம் கூடினால் உள்ளே இயங்கும் பாகம் தட்டும்.

குழலின் மேலிருக்கும் மெல்லிய பட்டையைக் கவ்விப் பிடிக்கும் மலிவான பிடிகளும் கிடைக்கின்றன. கனமான தோட்டாவின் உதைக்கு இவை தாங்குவது சந்தேகம்.

எந்த வழியானாலும் வேலையின் வரிசை ஒன்றுதான். முதலில் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்ய வேண்டும். 'இப்பதானே காலி பண்ணேன்' என்று நினைத்தவர்கள் கையில் வெடித்த கதைகள் ஏராளம். அடுத்து, திருகாணியிலும் துளையிலும் இருக்கும் எண்ணெயைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். திருகாணி தளராமல் இருக்க, பிற்பாடு கழற்றக்கூடிய நீல நிறப் பசையை ஒரு சொட்டு விடுவார்கள்.

இறுக்குவதற்கும் அளவு உண்டு. பல துப்பாக்கிகளின் நடுப்பகுதி அலுமினியம். முழுபலத்தையும் போட்டுத் திருகினால் மரை அழிந்துவிடும். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குவதே முறை. ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களை இன்னும் மென்மையாக இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாயே நசுங்கும்.

ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்தி இடம் பார்ப்பதையும் மேசையில் வைத்துச் செய்யக்கூடாது. வேட்டையன்று போடும் அதே கனமான சட்டையைப் போட்டுக்கொண்டு, தரையில் சாய்ந்து உட்கார்ந்து, துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்போது காட்சி முழுவட்டமாகத் தெரியும் இடம்தான் சரியான இடம்.

இன்னொன்று. ஸ்கோப் குழலைவிட ஓர் அங்குலத்துக்கும் மேல் உயரமாக இருக்கும். ஷாட்கன் கட்டையோ குமிழைப் பார்ப்பதற்கு ஏற்ற உயரத்தில் செய்தது. அதனால் ஸ்கோப்பைப் பார்க்கத் தலையைத் தூக்க வேண்டிவரும். கன்னத்துக்குப் பதிலாகத் தாடை கட்டையில் படும், உதை முகத்தில் விழும். கட்டையின் மேல் ஒரு தடிமனான மெத்தைப் பட்டை கட்டினால் இந்தப் பிரச்சினை தீரும்.

பொருத்தியாச்சு, குறி சரியா என்று எப்படிப் பார்ப்பது?

மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தால் அங்கேதான் தப்பு. கடையில் மாட்டிக் கொடுத்த ஸ்கோப் எங்கே பார்க்கிறது என்பது சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

முதலில் 20 கெஜத்தில் லேசான தோட்டாவால் சுட்டுத் தோராயமாகச் சரிசெய்வார்கள். இதனால் தோளும் பர்ஸும் தப்பிக்கும். ஆனால் கடைசிச் சோதனை வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே தோட்டா, அதே சோக் வைத்துத்தான். இரண்டில் எது மாறினாலும் குண்டு விழும் இடம் மாறிவிடும்.

இதற்குப் பெரிய காகிதம் வேண்டும். 40 கெஜம், அதாவது சுமார் 36 மீட்டர் தூரத்தில் வைத்து, நடுவில் ஒரு புள்ளி போட்டுச் சுட வேண்டும். பிறகு குண்டுத் துளைகள் எங்கே அடர்த்தியாக இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு தடவை சுட்டுவிட்டு முடிவெடுக்கக்கூடாது, மூன்று தடவையாவது பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. பல ஸ்கோப்களில் திருகைச் சுற்றினால் 'க்ளிக்' என்று சத்தம் வரும். 100 கெஜத்தில் ஒரு க்ளிக்குக்கு கால் அங்குலம் நகரும் என்று அதில் எழுதியிருக்கும். குண்டுக் கூட்டம் 4 அங்குலம் இடப்பக்கம் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அங்குலத்துக்கு 4 க்ளிக், ஆக 16 க்ளிக் என்று பலர் சுற்றிவிடுவார்கள். தவறு. கால் அங்குலம் என்பது 100 கெஜக் கணக்கு. 40 கெஜத்தில் ஒரு க்ளிக்குக்கு சுமார் பத்தில் ஒரு அங்குலம்தான் நகரும். அப்படிப் பார்த்தால் 40 க்ளிக் வலப்பக்கம் சுற்ற வேண்டும். 16 க்ளிக்கோடு நிறுத்தினால் இன்னும் இரண்டு அங்குலத்துக்கும் மேல் பிழை மிச்சமிருக்கும். வான்கோழியின் கழுத்தைத் தவறவிட அந்தப் பிழையே போதும்.

குறி நடுவுக்கு வந்த பிறகு, புள்ளியைச் சுற்றி 10 அங்குல வட்டம் வரைந்து துளைகளை எண்ணுவார்கள். வட்டத்துக்குள் குறைந்தது 100 குண்டு இருக்க வேண்டும் என்பது ஈயத் தோட்டாக் காலத்திலிருந்து வரும் வழக்கமான அளவுகோல். எந்தத் தூரத்தில் எண்ணிக்கை 100க்குக் கீழே போகிறதோ, அந்தத் துப்பாக்கிக்கு, அந்தத் தோட்டாவுக்கு அதுதான் எல்லை. அதைத் தாண்டி நிற்கும் பறவையைச் சுடக்கூடாது.

கிட்டத்திலும், 10, 20 கெஜங்களிலும் ஒரு தடவை சுட்டுப் பார்ப்பது நல்லது. தேங்காய் அளவுக் குவியலை நேரில் பார்த்தவர்கள் அதன் பிறகு குறிபார்ப்பதில் அசட்டையாக இருக்க மாட்டார்கள்.

எல்லாம் சரி, ஆபத்து எங்கே?

ஸ்கோப் மாட்டியவர்களிடம் வரும் முதல் கெட்ட பழக்கம், அதைத் தொலைநோக்கியாகப் பயன்படுத்துவது. புதருக்குள் ஏதோ அசைகிறது. என்னவென்று பார்க்கத் துப்பாக்கியைத் தூக்கி ஸ்கோப் வழியாகப் பார்க்கிறார். அங்கே இருப்பது மனிதராக இருந்தால்? தோட்டா நிரம்பிய துப்பாக்கி அவரது முகத்துக்கு நேராக நீட்டப்பட்டிருக்கிறது. விசைக்குப் பக்கத்தில் விரல் இருக்கிறது. பார்ப்பதற்குக் கழுத்தில் தனியாக ஒரு பைனாகுலர், சுடுவதற்கு மட்டும் ஸ்கோப். இந்த வித்தியாசத்தை மறக்கவே கூடாது என்று அங்கே பயிற்சி வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

வான்கோழி வேட்டையில் 'ஆள் என்று தெரியாமல் சுட்டுவிட்டேன்' வகை விபத்துகள் நீண்டகாலத் தலைவலி. காரணம் லேசாகப் புரியும். மான் வேட்டைக் காலத்தில் பல மாநிலங்களில் ஆரஞ்சு உடை கட்டாயம். மானுக்கு அந்த நிறம் நம்மைப் போலத் தெரியாது. வான்கோழிக்கு நன்றாகத் தெரியும். அதனால் எல்லோரும் ஒளிந்தே இருக்கிறார்கள். வான்கோழிக் குரல் கொடுக்கிறார்கள். பக்கத்தில் வான்கோழிப் பொம்மையும் வைத்திருக்கிறார்கள். ஆக, மனிதர் தன்னைத்தானே வான்கோழியாக மாற்றிக்கொள்ளும் வேட்டை இது.

சேவல் வான்கோழியின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்று நிறத்தில் இருக்கும். மனநிலைக்கு ஏற்ப மாறவும் செய்யும். எனவே இந்த மூன்று நிறங்களில் கைக்குட்டை, சாக்ஸ், உள்சட்டை எதுவும் வெளியே தெரியக்கூடாது என்பது அங்கே அடிப்படைப் பாடம். மற்ற பாடங்கள்:

- தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். பின்னாலிருந்து வரும் குண்டை மரம் தாங்கும்.

- வேறொரு வேட்டைக்காரர் வருவதைப் பார்த்தால் கையை ஆட்டக்கூடாது, வான்கோழி மாதிரிக் குரலும் கொடுக்கக்கூடாது. அசையாமல் இருந்தபடி மனிதக் குரலில் சத்தமாகக் கூப்பிட வேண்டும்.

- வான்கோழிக் குரல் வரும் திசையில் பதுங்கிப் போகக்கூடாது. அது மனிதராக இருக்கலாம்.

- சுட்ட பறவையைத் தோளில் தொங்கவிட்டு நடக்கக்கூடாது. ஆரஞ்சு நிறப் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டும்.

- தலை, கழுத்து, மார்பிலிருந்து தொங்கும் 'தாடி' எல்லாவற்றையும் தெளிவாகப் பார்த்து, பறவைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் பார்த்த பிறகே விசையில் விரல் வைக்க வேண்டும்.

நல்ல ஸ்கோப் கடைசிப் பாடத்துக்கு உதவக்கூடும். ஏற்கெனவே பைனாகுலரில் பார்த்து உறுதிசெய்த பறவை, சுடும் நொடியில் அதே பறவைதானா, அதன் பக்கத்தில் இன்னொன்று வந்துவிட்டதா என்று தெளிவாகத் தெரியும். ஆனால் 'வான்கோழிதான்' என்று மனம் முன்பே முடிவு செய்துவிட்டால் எந்தக் கண்ணாடியும் உதவாது. எதிர்பார்ப்பதையே கண் பார்க்கும்.

இரண்டாவது ஆபத்து பறவைக்கு. ஸ்கோப்பும் டங்ஸ்டன் தோட்டாவும் சேர்ந்தால் 60 கெஜத்திலும் சுடலாம் என்ற துணிச்சல் வருகிறது. ஸ்கோப்பில் பறவை பக்கத்தில் இருப்பது போலத் தெரிவதால் தூரக் கணக்கும் தப்பும். விளைவு, அடிபட்டு ஓடும் பறவைகள். 'குரல் கொடுத்துக் கிட்டத்தில் வரவழைப்பதுதான் இந்த வேட்டையின் சாரம், தூரத்திலிருந்து சுடுவதில் என்ன இருக்கிறது?' என்று வேட்டைக்காரர்களுக்குள்ளேயே விவாதம் நடக்கிறது.

இவ்வளவு வேட்டையாடியும் வான்கோழி அழியவில்லையா?

ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அழிந்தேபோனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடழிப்பும் கட்டுப்பாடில்லாத வேட்டையும் சேர்ந்து பல மாநிலங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பிறகு 1937இல் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் வந்தது. ஷாட்கன், ரைஃபிள், தோட்டா மீதான 11 சதவீத வரி, வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகும் ஏற்பாடு அது. 1950களில் வலையைப் பீய்ச்சியடித்துக் காட்டு வான்கோழிகளைப் பிடித்து, இல்லாத இடங்களில் விடும் முறை வெற்றி பெற்றது. 1973இல் தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு தொடங்கியது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணிக்கை 70 லட்சத்தை நெருங்கியது. இன்று அலாஸ்காவைத் தவிர எல்லா மாநிலங்களிலும் இந்தப் பறவை உண்டு.

அதற்குப் பிறகு குறிப்பாகத் தென்கிழக்கு மாநிலங்களில் குஞ்சுகள் பிழைப்பது குறைந்து, எண்ணிக்கை சரிந்திருக்கிறது. சில மாநிலங்கள் வேட்டை நாட்களைக் குறைத்தன, ஒருவர் எத்தனை பறவை சுடலாம் என்ற வரம்பையும் குறைத்தன. இந்த நேரத்தில் காயம்பட்டு ஓடிச் சாகும் ஒவ்வொரு பறவையும் யார் கணக்கிலும் வராத இழப்பு. குறி சரியாக இருக்க வேண்டும் என்ற பேச்சுக்கு இதனால்தான் கூடுதல் அர்த்தம்.

ஈயமும் ஒரு பிரச்சினை. ஈயக் குண்டு பட்ட இரையைத் தின்னும் கழுகுகள் நஞ்சாகிச் சாகின்றன. கலிஃபோர்னியா 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயக் குண்டைத் தடை செய்துவிட்டது.

இந்தியாவில் இதெல்லாம் முடியுமா?

முடியாது. காட்டு வான்கோழி இந்தியப் பறவையே அல்ல. போர்த்துகீசியர் வழியாக வந்தது. 1612இல் கோவாவிலிருந்து முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அரசவைக்கு ஒரு வான்கோழி வந்தபோது, அவர் வியந்துபோய் ஓவியர் மன்சூரை வரையச் சொன்னார். அந்த ஓவியம் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் சந்தைகளில் விற்கும் வான்கோழி எல்லாம் பண்ணையில் வளர்ந்தது.

வேட்டையைப் பொறுத்தவரை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. மயில் போன்ற முதல் அட்டவணை உயிரினத்தைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். துப்பாக்கி வைத்திருக்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும்.

ஆனால் இந்தக் கட்டுரையின் மையப் பாடம் நமக்கும் பொருந்தும். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரளா 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. உரிமம் பெற்றவர்கள் இரவில் துப்பாக்கியோடு தோட்டத்துக்குள் போகிறார்கள். பன்றி என்று நினைத்து மனிதரைச் சுட்ட செய்திகள் நம் நாட்டிலும் அவ்வப்போது வரத்தான் செய்கின்றன. பறவையோ பன்றியோ, அசைவைப் பார்த்துச் சுடுவது எங்கேயும் ஒரே முடிவைத்தான் தரும்.

சுருக்கமாகச் சொன்னால்...

ஷாட்கன்னில் ஸ்கோப் மாட்டுவதற்குக் காரணம் ஆடம்பரம் அல்ல. இறுக்கமான சோக் அந்தத் துப்பாக்கியைக் கிட்டத்தட்ட ரைஃபிளாக மாற்றிவிட்டது, பித்தளைக் குமிழ் அதற்குப் போதவில்லை. உறுதியான பிடி, போதுமான கண் இடைவெளி, குறைந்த உருப்பெருக்கம், காகிதத்தில் சுட்டுப் பார்த்த குறி, இந்த நான்கும் இருந்தால் பறவை துடிக்காமல் விழும். ஏதாவது ஒன்று இல்லையென்றாலும் ஸ்கோப் இல்லாமலே போவது மேல்.

குண்டு எங்கே போகும் என்பதை ஸ்கோப் சொல்லிவிடும். எதிரே நிற்பது பறவையா ஆளா என்பதை, துப்பாக்கியைத் தூக்குவதற்கு முன்பே நீங்கள்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.